நுரைக்கு மேல் மூடி

"பியர் திரும்பவும் பழுதாப் போச்சு, பிள்ளை" என்றார் தர்மகுலசிங்கம். "டின்னைத் திறந்தா ஊறின காட்போட் பெட்டி மணக்குது. என்ர தம்பி நாளைக்கு லண்டனுக்குப் பிளேன் ஏறப்போறான்."

மெற்றில்டா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

ஸ்காபரோவில், அவர் வீட்டு நிலவறையில்தான் மனுஷன் பியர் காய்ச்சுவார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு முப்பதுகூட இல்லை. ஒரு பியர் ஆலையில் வேலை; அவருக்குக் காய்ச்சப் பழக்குகிறவளும் அவள்தான். குருவென்றால் நரைத்த தாடி வேண்டுமென்று ஆர் சொன்னது?

சீடர் குட்டி போட்ட பூனை மாதிரி அங்குமிங்கும் நடந்தார். பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்த ஆள். சிவப்பு விளக்குக்கு நிற்பார். மற்றபடி நின்றதை ஒருவரும் கண்டதில்லை.

"இருங்கோ அங்கிள்."

"இருக்கேலாது."

"தம்பி எங்க நிக்கிறார்?"

"ஒரு கலியாணத்துக்கு வந்தவன். இஞ்ச பக்கத்திலதான், பொம்பிளை வீட்டுக்காரரோட நிக்கிறான்."

"பிறகேன் கூப்பிடேல்லை?"

"நல்ல பியர் ஒரு டின் கையில இருக்கட்டும், மனமும் அடங்கட்டும், பிறகு போன் எடுப்பம் எண்டு பாத்தன்."

அவர் சுவர் வரை போய்த் திரும்பினார்.

"அம்மா செத்த நேரம் என்ர பிளேன் பிந்திப்போச்சு. ஒரு நாள் பொறடா எண்டனான். பொறுக்கேல்லை. நான் போய் இறங்கேக்க சாம்பல்தான் மிச்சம். ஊர்ச் சனத்துக்கு முன்னால அவனை நாய் எண்டு பேசிப்போட்டு வந்திட்டன். அந்த நாளோட கதை பேச்சு இல்லை."

மெற்றில்டா ஐயோ பாவம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவள் சுபாவம் அப்படி.

"ஒரு டின் அடையுங்கோ, பாப்பம்" என்றாள்.

புதிதாய்க் காய்ச்சிய பியர் பீப்பாயில் ஆயத்தமாக இருந்தது. அவர் குழாயை டின்னுக்குள் விட்டு நிரப்பினார். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது.

அவர் காலைத் தட்டிக்கொண்டு பார்த்து நின்றார். நுரை மெல்ல இறங்கியது. மிச்சத்தைக் கரண்டியால் வழித்தார், விளிம்பைத் துடைத்தார், மூடியை வைத்து, டின் மூடும் மெசினைச் சுற்றினார். வேலை வலு துப்புரவு.

"நுரையை ஏன் வழிச்சனீங்கள்?"

"பருப்பு அவியேக்க வழிச்சு ஊத்திறேல்லையே? அழுக்குத்தானே அது."

"கடவுளே" என்றாள் மெற்றில்டா. "இது பருப்பில்லை, அங்கிள்."

அவள் இன்னொரு டின்னை நிரப்பினாள். நுரை பொங்கியது, விரலெல்லாம் வழிந்தது. வழிய வழிய மூடியைத் தூக்கி வைத்தாள்.

"பொறும் பிள்ளை, இன்னும் அடங்கேல்லை." அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு மெசினைச் சுற்றினாள். டின் அடைபட்டது.

"அடங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டா, நுரை இருந்த இடத்தில காத்து வந்து குந்தும். உங்கட பியரைப் பழுதாக்கிறது அந்தக் காத்துத்தான். நுரைக்கு மேலதான் மூடவேணும்."

"பொங்கிக்கொண்டு இருக்கேக்கயோ?"

"பொங்கிக்கொண்டு இருக்கேக்கதான்."

தர்மகுலசிங்கம் கதிரையில் போய் இருந்தார். ஈரம் சொட்டும் டின்னையே பார்த்தார். மெற்றில்டா அவரைத் திரும்பிப் பாராமல் அடுத்த டின்னை எடுத்தாள்.

அவர் போனை எடுத்தார். தம்பியின் பெயரைத் தட்டப்போய் இரண்டு தரம் பிழைத்தது.

"ஆர்?" என்றது குரல்.

"கொண்ணன்தான்ரா. எனக்கு இன்னும் கோவம் போகேல்லை."



"எனக்கும்தான்" என்றான் தம்பி. "வீட்டு நம்பர் என்ன?"