ஜெசிந்தாவும் ஜோடி ஸ்டாம்பும்

“நீயும் அப்பாவும் பேசிக்க மாட்டீங்க, நடுவுல நான்தான் ‘அம்மா சொன்னாங்க, அப்பா சொன்னாங்க’ன்னு ஓடணுமா?” ஆமாடி செலின், கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு. முன்ரூம்ல உங்கப்பா லொக்கு லொக்குனு இருமினா இருமட்டும், எனக்கென்ன. காலை மடக்கிப் படு. ‘ம்’ கொட்டினாத்தான் கதை.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு ஜெசிந்தா. ஊரு தூத்துக்குடி. உலகமே அடிச்சுக்கிட்டுக் கிடந்த சமயம். அவ அப்பாவுக்குக் கப்பல் ஆபீஸ்ல வேலை. அங்க வர்ற கவர்ல இருந்து ஸ்டாம்பு வெட்டிக் கொண்டு வருவார். சண்டையால முக்காவாசி நாட்டுத் தபால் நின்னு போச்சு. யார் பக்கமும் சேராத சுவிட்சர்லாந்து ஸ்டாம்பு மட்டும் எப்பவாவது சுத்தி வளைச்சு வரும். மலை ஒண்ணு, பாலம் ஒண்ணுன்னு கொள்ளை அழகு. அத்தனையும் மகனுங்க சூசைக்கும் மிக்கேலுக்கும்தான். ஜெசிந்தாவுக்கு ஒண்ணும் கிடையாது. பொண்ணு ஸ்டாம்பு சேர்த்தா வானம் இடிஞ்சு விழுந்துடும் பாரு!

“ம்.”

அப்புறம் ஒரு நாள் ரெண்டு ஸ்டாம்பு கிழிக்காம ஒண்ணோட ஒண்ணு ஒட்டினபடியே வந்துச்சு. ஸ்டாம்பு சேர்க்கிறவங்க ஜோடியைப் பிரிக்கவே மாட்டாங்க. இந்தத் தடிப்பசங்க ஆளுக்கொரு பக்கம் இழுத்தானுங்க. டர்ர்ர்! ஆளுக்குப் பாதி. அன்னியோட பேச்சும் நின்னுச்சு.

அப்போ ஜெசிந்தா, “நான்தான் சுவிட்சர்லாந்து. எவன் பக்கமும் இல்ல. சேதி சொல்லணும்னா சொல்றேன், சேதிக்கு ஒரு ஸ்டாம்பு வை”ன்னா.

“அவனைச் சட்னியைத் தள்ளச் சொல்லு.” ஒரு மலை வந்துச்சு.

“அந்த எருமையைக் குறட்டை விட வேணாம்னு சொல்லு.” ஒரு பாலம் வந்துச்சு.

தட தடன்னு ஓடி ஓடி ஆல்பம் ரொம்பிடுச்சு. அந்த ஜோடி மட்டும்தான் பாக்கி.

“ம்…”

அப்புறம் ஒரு நாள் ஒரு சேதி. மிக்கேலுக்குக் காய்ச்சல், வெட வெடன்னு நடுங்குறான். சூசை தன் பாதியை நீட்டி, “எப்படி இருக்கான்னு கேட்டதா சொல்லு”ன்னான். ஜெசிந்தா கணக்குப் போட்டா. இதைச் சொன்னா ரெண்டும் ராசியாயிடும், அப்புறம் மிக்கேல் பாதி எங்கேருந்து வரும்? நேரா போய், “உனக்கு நல்லா வேணும்னு சொன்னான்”னா. மிக்கேல் பொல பொலன்னு அழுதுட்டு, “இந்தா என் பாதி. இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிடு”ன்னான்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கிழிஞ்ச ஓரத்துப் பல்லோட பல்லு பச்சக்குனு சேர்ந்துச்சு. அவளுக்குத்தான் கஞ்சி இறங்கல. ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போய், ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு, “நான் சொன்னது பொய்”னா. அப்போ அண்ணன் தம்பி ராசியானானுங்க, சேர்ந்து அவ தலையில நங்கு நங்குனு குட்டினானுங்க, மலை பாலம் எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டானுங்க. ஜோடியை மட்டும் ஒருத்தனும் தொடல. மறுபடி அதை எவன் பிரிக்கிறது? அது அவளுக்கே ஆச்சு.

கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு.

செலின், காலையில அப்பாகிட்ட, “இருமல் எப்படி இருக்குன்னு அம்மா கேட்டாங்க”ன்னு சொல்லிடுறியா? ஒரு எழுத்து மாத்தக் கூடாது. ஏய், செலின்… சொல்லிடுறியாடி?