பேச்சு இல்லாத டேப்

நல்லசிவம் ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்று ஆசிரமத்துக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஆசிரமத்தை நடத்தும் அம்மையின் பேச்சுகளைப் பதிந்த அறுநூற்றுச் சொச்சம் வீடியோ டேப்புகளையும் போட்டுப் பார்த்து, எண் ஒட்டி, 'கோபம்', 'ஆசை', 'மரணம்' என்று தலைப்பு வாரியாக நோட்டில் ஏற்றிவிட்டார். எந்தப் பேச்சைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் எடுத்து நீட்டுவார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. நல்லசிவம் நோட்டை அம்மையிடம் கொடுத்து, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

அம்மை நோட்டைத் திறக்கவில்லை. "தேடி வர்றவங்க சொல்லட்டும்," என்றார்.

மறுநாள் காலை, பத்து மணிப் பேச்சுக்கு அம்மை கிளம்பும்போது ஒரு பெண் நல்லசிவத்திடம் வந்து நின்றாள். பெயர் முப்பிடாதி. பீடி சுற்றிப் பிழைப்பவள்.

"எம்மவ பங்குனி மாசம் இங்க கூட்டத்துல உட்கார்ந்திருந்தா ஐயா. பச்சைத் தாவணி. காமிரா எம்பக்கம் திரும்புச்சும்மான்னு வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. ஆடியில மஞ்சக்காமாலை வந்து போயிட்டா. ஒரு போட்டோகூட இல்ல. மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு."

"அன்னைக்கு அம்மா எதைப் பத்திப் பேசினாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதே."

நல்லசிவம் நோட்டைப் புரட்டினார். பங்குனியில் கூட்டத்தை எடுத்தது ஒரே ஒரு டேப். அன்றைக்கு மைக் கெட்டுப்போனது. குரல் பதியவில்லை என்று தெரிந்ததும், காமிராக்காரர் ஜெபமணி பொழுது போகாமல் கூட்டத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த டேப்புக்கு எதிரே நல்லசிவத்தின் முத்தான கையெழுத்து: 'பேச்சு இல்லை. அழிக்கலாம்.'

நோட்டை மூடினார். "அப்படி எதுவும் இல்லம்மா," என்றார்.

"இல்லையா? தேடிப் பார்க்கலையா?" என்று கேட்டார் அம்மை. பதிலுக்கு நிற்காமல் மண்டபத்துக்குப் போய்விட்டார்.

அழிக்க வேண்டிய டேப்புகளுக்கு ஒரு கூடை உண்டு. நேற்று அதில் மூன்று கிடந்தன. இப்போது இரண்டு. இரண்டும் பங்குனி டேப் இல்லை. இன்றைய பேச்சைப் பதிய மூன்றாவதை ஜெபமணி எடுத்துப் போயிருந்தார். ஒலிபெருக்கியில் அம்மையின் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஓடினார். மண்டப வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே முந்நூறு பேர். நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மானம் போகும். உள்ளே காமிரா ஓட ஓடப் பழைய படம் அழிந்துகொண்டிருந்தது. பாவி மனிதர், அப்போதும் யோசித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் முப்பிடாதி மூச்சிரைக்க வந்து நின்றாள். நல்லசிவம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜெபமணி, நிறுத்துப்பா! அந்த டேப்பை நிறுத்து!" என்று கத்தினார் நல்லசிவம்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றார்.

அம்மை பேச்சை நிறுத்தினார். "எவ்வளவு போச்சு?"

"பன்னிரண்டு நிமிஷம்மா," என்றார் ஜெபமணி.

அங்கேயே டிவியை வைத்து, அழியாமல் மிஞ்சியதை ஓட்டினார்கள். கொட்டாவி விடும் கிழவர். மடியில் தூங்கும் குழந்தை. ஒரு வரிசை, இன்னொரு வரிசை. பச்சையைக் காணோம். அழிந்த பன்னிரண்டு நிமிஷத்தில்தான் இருந்தாளோ?

தூண் ஓரம் ஒரு பச்சைத் தாவணி. காமிராவைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளை இடித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முப்பிடாதி எழுந்து போய் டிவிக் கண்ணாடியில் விரலை வைத்தாள். "இன்னொரு தடவை போடுங்கய்யா."

ஏழு தடவை போட்டார்கள்.

நல்லசிவம் டேப்பை வாங்கிப் பழைய சீட்டைக் கிழித்தார். பேனாவைத் திறந்தார்.

"பச்சைத் தாவணிப் பொண்ணு, தூண் ஓரம், சிரிக்கிறான்னு எழுதிடறேம்மா. முதல் பன்னிரண்டு நிமிஷம் உங்க பேச்சு இருக்கே, அதுக்கு என்ன எழுத?"

அம்மை சொன்னார்: "பேச்சு. அழிக்கலாம்."