துரையின் வெந்நீர்

பாளையங்கோட்டை ஹாலிடே துரை, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கான தமிழ்ப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர்.

"இங்கிலீஷ்காரன் நாக்குக்குத் தமிழ் வராது. ஒரே மாதத்தில் வரவழை, இல்லாவிட்டால் உனக்கு வேலையில்லை!" என்று சமையற்காரர் சூசையிடம் இங்கிலீஷில் சீறினார்.

எப்படி வரும்? துரை தமிழில் வாயைத் திறந்தாலே எல்லோரும் இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். அதைச் சூசை கவனித்திருந்தார்.

மறுநாள் முதல் பங்களாவில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியவில்லை. துரை இங்கிலீஷில் முட்டை கேட்டால் குடை வந்தது. குடை கேட்டால் குதிரை வந்தது.

முப்பதாம் நாள் சூசை வேண்டுமென்றே வெந்நீரைத் தாமதப்படுத்தினார். துரை வெடித்தார்.

"ஏல சூசை! விடிஞ்சதுல இருந்து வெந்நீர் கேக்கேன், காதுல பஞ்சா அடைச்சிருக்க? குளிக்காமலா ஆபீசுக்குப் போவேன்?"

சூசை வெந்நீரை வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு இங்கிலீஷ் பேசினார்.

"எக்ஸாம் பாஸ், சார்!"