குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு கம்பி

கஸ்பாருக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. ஜெசிந்தாவை அவர் டீச்சர் என்பார். அவரை ஜெசிந்தா அண்ணாச்சி என்பார். தூத்துக்குடியில் இதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கஸ்பார் துறைமுகத்தில் கயிறு பார்ப்பவர். கப்பலில் சரக்கு தூக்கும் கயிறுகளை இழுத்துப் பார்த்து, தேறும், தேறாது என்று எழுதுவது அவர் வேலை. தேறாததைத் துண்டாக வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்வார். அவர் பார்த்து அனுப்பிய எதுவும் அறுந்ததில்லை. இதை அவராகச் சொல்லமாட்டார். வேறு யாராவது சொல்லும்வரை காத்திருப்பார்.

அப்படிப்பட்டவர் கையில்தான், குருத்தோலை ஞாயிறு பவனியில், கிட்டார் கம்பி அறுந்தது.

அன்று காலை முன்னால் ஃபாதர் நடந்தார். அவருக்குப் பின்னால் பாடகர் குழுப் பெண்கள் பாடிக்கொண்டு போக, கஸ்பார் வாசித்துக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தார். அவருக்கும் பின்னால் ஓலை பிடித்தபடி ஊர். மீன் மார்க்கெட் திருப்பத்தில் மூன்றாம் கம்பி போயிற்று. அறுந்ததை மாற்றாமல் மேற்கொண்டு போவது கஸ்பாருக்குத் தெரியாத வழக்கம். நடுத்தெருவில் முழந்தாளிட்டு, தோள்பையைத் திறந்து, மாற்றுக் கம்பியை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையில் நிலைக்கு நிலை முழந்தாளிட்டுப் பழகிய ஊர் அது. முன்னால் ஒருவர் முழந்தாளிட்டதைப் பார்த்ததும் பின்னால் வந்தவர்கள் முழந்தாளிட்டார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும். ஃபாதரும் பாடகர் குழுவும் விஷயம் தெரியாமல் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோயிலில் அவர்கள் மட்டும் இருந்தார்கள். ஊர் மீன் மார்க்கெட்டின் ஈரத்தில் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தது.

ஃபாதர் கோபப்படவில்லை. "அடுத்த வருசம் லோடு ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிருவோம்" என்றார். "பாட்டெல்லாம் பென்டிரைவ்ல இருக்கு. அது முழந்தாள் போடாது."

கஸ்பார் பேசிப் பேசி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினார். அடுத்த வருடமும் அவர் வாசிக்கலாம். ஆட்டோவும் பின்னால் வரும். கிட்டார் நின்றால் ஸ்பீக்கர் பாடும். நின்றுவிட்டால், அதன்பின் எந்த வருடமும் ஸ்பீக்கர்தான் பாடும். பாடகர் குழு ஓலையைப் பிடித்துக்கொண்டு சும்மா நடக்கலாம்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை கஸ்பார் டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினார்.

"பாட்டுக்கு வாசிக்க எனக்குத் தெரியும் டீச்சர். ஒரே ஒரு கேள்விதான். அறுந்து போகாத கம்பி எது?"

"மீன் மார்க்கெட் ஆளு நீங்கதானா?"

"நான்தான்."

"எங்க அத்தை அன்னைக்கு முழந்தாள் போட்டுச்சு. அந்த இடத்துல ஒரு சிலுவை நடணும்னு இப்பவும் சொல்லிட்டு இருக்கு."

கஸ்பார் சிரிக்கவில்லை. பையிலிருந்து கம்பிப் பாக்கெட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார்.

"இது வெண்கலம். இது பாஸ்பரஸ் கலந்த வெண்கலம். இது உப்புக்காத்து ஏறாம இருக்க மேல பூச்சு பூசுனது. இது தடிமன் கூட. எல்லாத்துலயும் ஒவ்வொண்ணை ஆபீஸ்ல கயிறு இழுக்கிற மெஷின்ல மாட்டிப் பாத்துட்டேன்."

"கிட்டார் கம்பியவா?"

"கிட்டாரா கப்பலான்னு மெஷினுக்கு என்ன தெரியும்?"

"என்ன ஆச்சு?"

"எல்லாம் அறுந்துச்சு."

"அப்போ மெஷின் சரியாத்தான் வேலை செய்யுது."

கஸ்பார் தடித்த கம்பிப் பாக்கெட்டை முன்னால் தள்ளினார். "இதுதான் ரொம்ப நேரம் நின்னுச்சு. இதைக் கட்டிரலாமா?"

"கட்டலாம். கம்பி தாங்கும். இழுக்கிற இழுப்புல உங்க கிட்டாரோட மேல்பலகை தூக்கிரும்."

"அப்போ எதாவது ஒண்ணு போகத்தான் செய்யும்ங்கீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. வாசிங்க, கேப்போம்."

கஸ்பார் பவனிப் பாட்டை வாசித்தார். நன்றாகவே வாசித்தார். முதல் சரணம் முடியும் இடத்தில் டீச்சர் கையை நீட்டி, கிட்டாரின் தலையில் இருந்த ஒரு திருகைப் பிடித்துத் தளர்த்தினார். கம்பி தொங்கிற்று. கஸ்பார் நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கம்பியைத் தளத்திட்டீங்களே."

"ஆமா. ஏன் நிறுத்திட்டீங்க?"

"கம்பி போனா எப்படி வாசிக்க?"

"போனது ஒண்ணு. இருக்கிறது அஞ்சு."

கஸ்பார் பொறுமையாக விளக்கினார். "எங்க வேலையில ஒரு கயிறு போச்சுன்னா எல்லாத்தையும் நிறுத்திருவோம் டீச்சர். தலைக்கு மேல சரக்கு தொங்கும்."

"அன்னைக்கு உங்க தலைக்கு மேல என்ன தொங்குச்சு?"

கஸ்பார் யோசித்தார்.

"ஓலை" என்றார்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க."

அடுத்த சனிக்கிழமை வந்தார். உட்காருமுன் கேட்டார். "எந்தக் கம்பி டீச்சர்?"

"வாசிங்க."

இப்படியே வாரங்கள் போயின. ஒவ்வொரு வாரமும் அவர் கேட்பார், அவர் வாசிக்கும்போது ஒரு கம்பி தளரும். எந்தக் கம்பி, எந்த வரியில் என்று முன்கூட்டித் தெரியாது. முதலில் தளர்ந்ததும் நின்றார். பிறகு தடுமாறிவிட்டு நின்றார். பிறகு தடுமாறினார், நிற்கவில்லை.

கிட்டாரில் ஒரு சுரம் ஒரே கம்பியில் மட்டும் குடியிருப்பதில்லை. பெரும்பாலான சுரங்களுக்கு இரண்டு மூன்று வீடுகள் உண்டு. கிட்டார் புத்தகங்கள் எல்லாம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. கஸ்பாரும் அந்தப் புத்தகங்களை வாங்கியிருந்தார். கம்பியைப் பற்றிய அத்தியாயத்தை அடிக்கோடிட்டுப் படித்திருந்தார். இப்போதுதான் அவர் விரல்கள் மற்ற அத்தியாயங்களுக்குப் போயின.

மழைக்காலம் முடிந்ததும் டீச்சர் அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார்.

"நடந்துக்கிட்டே வாசிங்க."

கஸ்பார் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தார். பக்கத்தில் டீச்சர் நடந்தார். திரும்பும்போது ஒரு திருகு, நேராகப் போகும்போது ஒரு திருகு. அடுத்த மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, செல்லுக்கு டவர் கிடைக்கலையா?"

"கிடைச்சதும் சொல்லுதேன்" என்றார் கஸ்பார். நிற்காமல் சொன்னார்.

தவக்காலம் தொடங்கிய வாரம், ஒரே பாட்டில் நான்கு கம்பிகள் தளர்ந்தன. மிச்சம் இரண்டு. கஸ்பார் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்.

"இது கிட்டார் இல்ல டீச்சர். துணி காயப்போடுற கொடி."

"சரி, காயப்போடுங்க."

"ஒரு வருசமா நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எந்தக் கம்பின்னு. நீங்க இருக்கிற கம்பியையும் கழட்டுதீங்க."

கஸ்பார் கிட்டாரை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். டீச்சர் கூப்பிடவில்லை.

அந்த வாரம் கோயிலில் ஃபாதர் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்தார். பென்டிரைவ் பாட்டு வளாகம் முழுக்கக் கேட்டது. பாடகர் குழுவில் மூத்தவரான ரொசாரி, படியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"எப்படி இருக்கு?" என்றார் கஸ்பார்.

"நல்லாத்தான் பாடுது. எங்களைவிட நல்லாப் பாடுது" என்றார் ரொசாரி. "அதான் பயமா இருக்கு."

சனிக்கிழமை கஸ்பார் மொட்டைமாடியில் முதலிலேயே நின்றிருந்தார். டீச்சர் மேலே வந்தபோது கிட்டார் அவர் தோளில் இருந்தது. அதில் இரண்டு கம்பிகளே இறுக்கமாக இருந்தன. மற்ற நான்கையும் அவரே தளர்த்தியிருந்தார்.

"கொடியை எங்க கட்டணும்?" என்றார்.

"தொட்டியில இருந்து தொடங்குங்க."

பவனிக்கு முந்தின நாள் அவர் ஒரு புதுப் பாக்கெட்டோடு வந்தார். பிரிக்கவில்லை.

"நாளைக்குப் பவனி. இப்பவாவது சொல்லுங்க."

"இப்போ கட்டியிருக்கிறது எப்போ கட்டுனது?"

"தவக்காலத் தொடக்கத்துல. சாதாரணக் கம்பி. உங்க மாடிக் காத்துல ஓரத்துல துரு ஏறிட்டு."

"அதே இருக்கட்டும். புதுசு நீண்டுக்கிட்டே இருக்கும், நாளைக்குச் சுருதியில நிக்காது."

கஸ்பார் துருப்பிடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஆபீஸில் என்றால் இந்நேரம் அதன்மேல் சிவப்புப் பெயின்ட் ஏறியிருக்கும்.

"அறுந்தா?"

"அறுந்த பிறகு வந்து கேளுங்க."

மறுநாள் காலை பவனி கிளம்பியது. முன்னால் ஃபாதர். பாடகர் குழு. கஸ்பார். ஓலைகள். எல்லோருக்கும் பின்னால் லோடு ஆட்டோ. அதன் டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையின் விரலை ஸ்பீக்கர் பட்டன் மேல் வைத்திருந்தார். ஃபாதர் கை காட்டினால் அமுக்க வேண்டும்.

மீன் மார்க்கெட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக் கஸ்பாரைப் பார்த்தார்கள். அவர் கடந்துபோனார்.

ரேஷன் கடைத் தெருவில், பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில், முதல் கம்பி அறுந்து அவர் கன்னத்தில் அடித்தது.

கை நின்றது. கால் நிற்கவில்லை.

ஒரு மூச்சு நேரம் கிட்டார் இல்லை. ரொசாரி திரும்பாமலே அதைக் கேட்டார். குரலை ஒரு படி உயர்த்தினார். மற்ற பெண்களும் உயர்த்தினார்கள். ஃபாதர் திரும்பிப் பார்த்தார். அவர் கை பாதி எழுந்தது.

அதற்குள் கஸ்பாரின் விரல்கள் இரண்டாம் கம்பியில் கீழே இறங்கி, தேவையான சுரத்தைப் பிடித்துவிட்டன. வாசிப்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. தாளம் தவறவில்லை. ஃபாதர், எழுந்த கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

ஊர் முழுசாகக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிற்பகல் கஸ்பார் மாடிப்படி ஏறினார். கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடு இருந்தது.

"எது?" என்றார் டீச்சர்.

"ஒண்ணாவது."

"வலிச்சுதா?"

"அப்போ தெரியல. பூசை முடிஞ்சப்புறம்தான் எரிஞ்சுது."

"ஃபாதர் என்ன சொன்னாங்க?"

"ஆட்டோ வாடகை தண்டம்னாங்க."

"ரொசாரி அக்கா?"

"அது பேசல. தொண்டை கட்டிட்டு."

கஸ்பார் உட்கார்ந்தார். அறுந்த கம்பியைக் கழற்றி, பழக்கத்தில் அதன் நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"துரு ஏறுன இடத்துல அறுகல டீச்சர். நல்ல இடத்துலதான் அறுந்திருக்கு."

"ஏன்?"

"தெரியல."

கயிறு, கம்பி எதைப் பற்றியும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி டீச்சர் கேட்டதில்லை. கஸ்பார் கம்பியை வட்டமாகச் சுருட்டி மேசையில் வைத்தார்.

"அறுந்த பிறகு வந்து கேக்கச் சொன்னீங்க. கேக்கேன். எந்தக் கம்பி வாங்க?"

டீச்சர் மேசையில் இருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதையே வாங்குங்க."