மாசிலாமணியைப் பற்றி நாலு வார்த்தை

“என் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள், சாமி. சொல்ல ஒன்றுமே இல்லை” என்றார் சிவபாதம்.

மலையடி மடத்தில் அப்போதுதான் காலைப் பூசை முடிந்திருந்தது. குரு ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சீடரைவிட அவர் வயதில் இளையவர்.

“எப்போது போனார்?”

“பதினைந்து நாள் ஆகிறதாம். இப்போதுதான் ஆள் வந்து சொன்னான். நாளைக்குக் காரியம். துறவியாகப் போன மூத்த மகன் வந்து நாலு வார்த்தை பேசினால் நல்லது என்கிறார்களாம்.”

“பேசும்.”

“எதைப் பேச? தொண்ணூறு வயது வரை இருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். விடிந்தால் கொடிக்கால், இருட்டினால் வீடு. தம்பிகளுக்குக் கல்யாணம், மகளுக்குக் கல்யாணம், பேரனுக்குக் காதுகுத்து. ஒரு நாளும் கண்மூடி உட்கார்ந்ததில்லை. வீடு, வீடு, வீடு. அதிலேயே அமிழ்ந்து போனார்.”

குரு துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

“நானும் வருகிறேன்” என்றார்.

மறுநாள் இருவரும் ஆற்றைக் கடந்து நடந்தார்கள்.

“நீர் துறவுக்குப் புறப்பட்டபோது தடுத்தாரா?” என்று குரு கேட்டார்.

“இல்லை. படித்துறை வரை கூடவே வந்தார். கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கோ என்றார். அதற்கு மேல் பேச அவருக்குத் தெரியாது, சாமி.”



வாசல் பந்தலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை செண்பகவல்லி காவித்துணியில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், “வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

குரு பாயில் உட்கார்ந்தார். “போனவர் எப்படிப்பட்டவர்?”

மாசிலாமணியின் கடைசித் தம்பி வயித்திலிங்கம் பதில் சொன்னார்.

“எங்கப்பா சாகறப்ப நான் கைக்குழந்தைங்க, சாமி. அண்ணன்தான் வளர்த்தார். என்னை இடுப்பிலேயே வச்சுக்கிட்டு வெற்றிலை கிள்ளுவாராம். எங்க எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வச்ச பிறகுதான் அவர் பண்ணிக்கிட்டார். தலை நரைக்க ஆரம்பிச்சிருந்துச்சு அப்ப.”

சிவபாதம் குருவின் பக்கம் திரும்பினார். நான் சொல்லவில்லையா என்பது போல் இருந்தது அவர் முகம்.

“அம்மா எங்கே?” என்று தங்கையிடம் கேட்டார்.

“உள்ளே. அவளுக்கு நினைவு தப்பி ஏழெட்டு வருஷம் ஆச்சு. அப்பா போனதே தெரியாது.”

“எனக்கு யாரும் சொல்லவில்லையே!”

“அப்பாதான் வேண்டாம்னார். அவன் ஒரு வழியில போய்க்கிட்டிருக்கான், திரும்பிப் பார்க்க வைக்காதீங்கன்னார்.”

சிவபாதம் உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

“முதல்ல எங்களை மறந்தா” என்றாள் செண்பகவல்லி. “கடைசியா அப்பாவையும் மறந்தா. யாரு நீன்னு கேட்டா. தையலு, நான்தான் உன் புருஷன்னார். யாரோ வேத்து ஆம்பளை அறைக்குள்ள வந்துட்டான்னு அலறிட்டா. அதோட சரி. அப்புறம் அவர் ஒரு நாளும் தன்னைச் சொல்லிக்கல.”

“பிறகு?” என்றார் குரு.

“அவ என்ன நினைக்கிறாளோ, அதுதான் அவர். தன்னோட அப்பான்னு நினைச்சா, சொல்லும்மாம்பார். வேலைக்காரன்னு நினைச்சா, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத் தள்ளி நின்னு, தலை வாரி விடட்டுமாம்மான்னு கேப்பார். ஒரு தடவை திருடன்னு விரட்டிட்டா. கொட்டுற மழையில வெளியே போய் நின்னார். கொஞ்ச நேரம் கழிச்சுக் கொல்லைப்பக்கமா வந்து, திருடன் ஓடிட்டாம்மா, சாப்பிடலாம்னார்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் மனசு பொறுக்காமக் கேட்டேன். இத்தனை வருஷம் கூட இருந்த உன்னையே அம்மாவுக்கு யாருன்னு தெரியலையே, உனக்கு வருத்தமா இல்லையாப்பான்னு.”

“என்ன சொன்னார்?” என்றார் குரு.

“காதுலயே வாங்கல. அம்மா சாப்பிட்டாளான்னு கேட்டார்.”

சிவபாதம் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தலை நிமிராமலே, “இப்போது அம்மாவுக்கு யார் ஊட்டுகிறீர்கள்?” என்று கேட்டார்.

“யார் கையாலயும் வாங்க மாட்டேங்கறா. ரெண்டு வாய் பால்தான் இறங்குது. இப்படியே போனா அவளும்…” செண்பகவல்லி முடிக்கவில்லை.

வயித்திலிங்கம் சிவபாதத்தைப் பார்த்துக் கனைத்தார். “எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. சாமி பேச ஆரம்பிக்கலாமே.”

சிவபாதம் எழுந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய், குழையப் பிசைந்த சோற்றைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு அம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

குரு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கட்டிலில் சுருண்டிருந்த தையல்நாயகி தலையைத் தூக்கினாள்.

“யாரது?”

மகன் என்ற சொல் அவர் நாக்கு வரை வந்தது. துறவி என்ற சொல்லும் வந்தது.

“யாருன்னு கேக்கறேன்ல? கொடிக்கால்ல வேலை செய்ற ஆளா?”

“ஆமாம்மா.”

“கை கழுவினியா?”

“கழுவிட்டேம்மா.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.