கடலோரமா சைக்கிள்ல போன அக்கா

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. கடலோரக் குப்பம். அடியே மயிலு, "ம்" கொட்டு. நான் என்ன சுவத்துக்கா கதை சொல்றேன்?

"ம்."

தம்பி பேரு காத்தமுத்து. சின்னப் படகு ஒண்ணு, பழைய சைக்கிள் ஒண்ணு, அதான் அவன் சொத்து. ஒரு நாள் காலையில படகைத் தள்ளிக்கிட்டிருக்கான். அக்கா துறைமுகத்துலேருந்து ஓடி வர்றா. அங்க புயல் கூண்டு ஏத்திட்டாங்க, கண்ணால பாத்துட்டா. அவன்கிட்ட சொல்லணும். ஆனா கடலுக்குக் கிளம்புனவனைப் பின்னாலேருந்து கூப்பிடக் கூடாதாம், ஆகாதாம். முன்னாடி போய் நின்னு சொல்லலாம்னா, முன்னாடி கடல்தானே இருக்கு? கூமுட்டை, வாயை இறுக்க மூடிக்கிட்டு நின்னா. படகு போயிடுச்சு.

"ம்."

அப்புறம் மூணு நாள் மழை, சோன்னு. தம்பி வரல. நாலாம் நாள் அக்கா அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஒத்தையா கிளம்பினா. எங்கயாவது கரை ஒதுங்கியிருப்பான்னு, கடலோரமாவே தெக்க போறா.

"பயமா இல்லையா அத்தை?"

பயமில்லாம? ஆனா வீட்ல உக்காந்திருக்கவும் முடியலடி.

மொத குப்பத்துக்கு முன்னால பாலம் முங்கிக் கெடக்கு. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில சளக் சளக்னு போனா. வலைக் கொட்டகையில ஒரு பெரியவர். "ஐயா, ஒத்தை ஆள் படகு ஏதும் ஒதுங்குச்சா?" "இல்லைத்தா. அடுத்த குப்பத்துல கேளு."

அப்புறம் காத்து எதுத்து அடிக்குது, உய்ய்ய்னு. செயின் கடக்னு கழண்டுக்கிச்சு. அதை மாட்டிக்கிட்டு ரெண்டாவது குப்பம் போனா. டீக்கடைக்காரம்மா சூடா டீ குடுத்து, "எங்க ஆளுங்க கூண்டு ஏத்தின சேதி கேட்டு அப்பவே திரும்பிட்டாங்களே. உன் தம்பிகிட்ட யாரும் சொல்லலியா?"ன்னு கேட்டா. அவ டீயை அப்படியே வெச்சுட்டு சைக்கிளை எடுத்தா.

"ம்..."

அப்புறம் மூணாவது குப்பம். அங்க ஒரு வழக்கம். வேத்தூர்ப் படகுலேருந்து எது ஒதுங்கினாலும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. உடையவங்க தேடி வருவாங்கன்னு கோயில் வேப்பமரத்துல கட்டி வைப்பாங்க. அப்போ அந்த மரத்துல ஒரு மஞ்சள் தண்ணிக் கேன், டொக் டொக்னு ஆடுது. மூடி உடைஞ்சு, வாயில சேப்புத் துணி கட்டியிருக்கு. அது அக்கா தன் பழைய புடவையில கிழிச்சு, அவளே தம்பிக்குக் கட்டிக் குடுத்த துணி.

"அப்போ தம்பி?"

கேன் மட்டும்தான்டி.

அதை கேரியர்ல கட்டிக்கிட்டு, வழி பூரா கடலைப் பாத்து, "டேய் காத்தமுத்து, திரும்பி வாடா! டேய்!"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே வந்தா. அன்னிக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தா போதும், பாவி.

"அத்தை... எங்க அப்பா பேரும் காத்தமுத்துதானே?"

அவன்தான்டி. நீ அப்போ கைக்குழந்தை. அந்தக் கூமுட்டை நான்தான்.

"அதனாலதான் நான் ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப தினம் பின்னாலேருந்து கூப்பிடுறியா? பாட்டி திட்டுதே!"

திட்டட்டும், ஊரே திட்டட்டும். கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்குறல்ல, எனக்கு அது போதும்.

"நாளைக்கும் கூப்பிடு அத்தை. நான் ரெண்டு தடவை திரும்பிப் பாக்குறேன்."

சரிடி தங்கம். கதை கரையேறிடுச்சு. கண்ணை மூடு, தூங்கு.