குரங்குக்கும் சேர்த்துக் கணப்பு

முன்னொரு காலத்துல கூதலூர் மலைநாட்டை மழவராயன்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டிருந்தான். நல்லவன்தான், ஆனா தன் புகழைக் கேட்டா அப்படியே மயங்கிடுவான். அவன் புதுசா ஒரு சபாமண்டபம் கட்டினான். சுத்திலும் ஆள் உயர ஜன்னல், ஒண்ணுக்கும் கதவு கிடையாது. ஏன்னா, தினம் காலையில அரசவைப் புலவர் விருதுராயர் உள்ளே நின்னு ராஜாவோட பட்டப்பெயரையெல்லாம் முழங்குவார். அது தெருவுக்குக் கேட்கணுமாம். ஜன்னலுக்குக் கதவு வச்சா ராஜ நிந்தனைன்னு சொன்னதும் அவரேதான்.

மார்கழி பிறந்தது. குளிர்ல சபையில உட்கார முடியல. கணப்பு மூட்டி மண்டபம் சூடாக எத்தனை வண்டி விறகு வேணும்னு ராஜா கேட்டான். அவ்வளவுதான், குழப்பம் ஆரம்பிச்சுது. ஒருத்தர் தரையை அளந்து பத்து வண்டின்னார். இன்னொருத்தர் உயரத்தையும் பெருக்கி முப்பதுன்னார். இன்னொரு ஆள் சபையில இருக்கிறவங்க உடம்புச் சூட்டைக் கழிக்கணும்னு சொல்லிட்டு, பருமனான சேனாபதிக்கு எவ்வளவு கழிக்கறதுன்னு தெரியாம முழிச்சார். சொல்லச் சொல்ல எனக்கே தலை சுத்துது, ராஜா என்ன செய்வான் பாவம். பத்தும் எரிச்சான், முப்பதும் எரிச்சான். நடுக்கம் நிக்கவே இல்ல.

மந்திரி திருமேனியார் மேல விருதுராயருக்கு ரொம்ப நாளாப் பொறாமை. மந்திரிதான் பெரிய புத்திசாலியாச்சே, அவரே அளவு சொல்லட்டும், அதுவரைக்கும் வீட்டுக்கு வீடு அடுப்பு விறகை எடுத்துக்கலாமேன்னு ராஜாகிட்ட ஓதினார். கதவில்லாத ஜன்னலாச்சே, அதுவும் தெருவுக்குக் கேட்டுது. படுபாவி! ராஜாவும் சரின்னுட்டான். மந்திரி சரியான அளவு சொன்னாத்தான் விறகு திரும்பும்னு உத்தரவு. குழந்தைக்குக் கஞ்சி வைக்கக்கூட சுள்ளி இல்லாம ஜனங்க தவிச்சுப் போனாங்க.

மறுநாள் திருமேனியார் சபையில கைகட்டி நின்னார். "மகாராஜா, அளவுல ஒரு சந்தேகம். குரங்குகளையும் சேர்க்கணுமா?"

சபையே திருதிருன்னு முழிச்சுது. எந்தக் குரங்குய்யான்னு ராஜா கேட்டான். மந்திரி அவனை வெளியே கூட்டிட்டுப் போனார். புல்லெல்லாம் உறைபனி. ஆனா ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் மலைக்குரங்குங்க குட்டிகளோட வரிசையா உட்கார்ந்து குளிர்காய்ஞ்சுகிட்டிருந்துச்சு. ஒரு கிழக்குரங்கு நல்லாத் தூங்கவே தூங்கிடுச்சு. ராஜா ஜன்னலண்டை கையை நீட்டினான். ஊர்கிட்டப் பிடுங்கின சூடு அத்தனையும் வெதுவெதுன்னு வெளியே வந்துகிட்டிருந்தது.

"எல்லாரும் மண்டபத்தை அளந்தாங்க, மகாராஜா. நாம எரிக்கறது இந்த மலைக்கு. மலை சூடாகணும்னா நாட்டு விறகெல்லாம் போட்டாலும் பத்தாது. ஜன்னலைச் சாத்தினா ஒரு வண்டி போதும்."

"சாத்திட்டா என் புகழ் தெருவுக்கு எப்படிக் கேட்கும்?" ராஜாவுக்கு நிஜமாவே குழப்பம்.

"விருதுராயர் தெருவிலேயே நின்னு முழங்கட்டும்."

ராஜா புலவரைப் பார்த்தான். புலவர் பனியைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள்ள ஜன்னலுக்கெல்லாம் பலகை ஏறிடுச்சு, விறகு வண்டிங்க ஊருக்குத் திரும்பிடுச்சு. ராஜா தன் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான்.

மறுநாள் காலையில விருதுராயர் தெருவுல நின்னார். ரெண்டு பட்டம் சொல்றதுக்குள்ள தாடை விறைச்சுப் போச்சு. மீதியெல்லாம் நேத்து சொன்னதேதான்னு முடிச்சுட்டு, எதிர் வீட்டுக்குள்ள ஓடி, அடுப்போரம் கொஞ்சம் இடம் கொடும்மான்னு கேட்டார்.

அந்தம்மா குழந்தைக்குக் கஞ்சி கிண்டிக்கிட்டிருந்தா. நிமிர்ந்து பார்த்துட்டு நகர்ந்து இடம் விட்டா.

"உட்காருங்க. நீங்க எடுத்துட்டுப் போகச் சொன்ன விறகுதான் எரியுது."